சங்கிலியின் மறுமுனை

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் வைகறைப் பொழுது. இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரச் சிற்றூராகிய ஏர்வாடியில், மனநோயாளர்களைத் தங்க வைத்திருந்த ஒரு தனியார் விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுட் பலருடைய கால்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தன. ஓடுவதற்குக் கால்கள் இருந்தும் அவர்களால் ஓட இயலவில்லை. அன்றே 25 பேர் கருகி மாண்டனர். இறுதியில் இறந்தோர் தொகை 28 ஆயிற்று.

நாடு அதிர்ந்தது. செய்தித்தாள்கள் எழுதின, உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது, விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சங்கிலியைப் பூட்டியவர் யார், கொட்டகைக்கு உரிமம் கொடுத்தவர் யார் என்ற கேள்விகள் எழுந்தன. எழ வேண்டிய கேள்விகளே அவை. ஆனால் ஒரு கேள்வி அன்று உரத்து எழவில்லை. அந்த இருபத்தெட்டுப் பேரும் வானத்திலிருந்து வந்து அந்தக் கொட்டகையில் விழுந்தவர்கள் அல்லர். ஒவ்வொருவரையும் ஒரு தாயோ, தமையனோ, கணவனோ, மகளோ கையைப் பிடித்து அங்கே அழைத்து வந்திருக்க வேண்டும். சங்கிலியின் ஒரு முனை நோயாளியின் காலில் இருந்தது. அதன் மறுமுனை எங்கே இருந்தது? அதை நாம் வரலாற்றில் சற்றே பின்சென்று காண வேண்டியுள்ளது.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். ஸ்கிசோஃப்ரினியா என மருத்துவர் வழங்கும் நோயைத் தமிழில் மனச்சிதைவு என்கின்றோம். சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1908ஆம் ஆண்டில் இட்ட பெயர் அது. உலகில் இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ, அதாவது படித்து முடித்து வேலைக்குச் செல்லும் வயதில், குடும்பம் தன் நம்பிக்கையையெல்லாம் ஒருவன் தோளில் ஏற்றிவைத்திருக்கும் வேளையில், இது தலைகாட்டுகின்றது. யாரும் பேசாத குரல்கள் அவன் காதில் ஒலிக்கின்றன. இல்லாத பகைவர் அவனைச் சூழ்கின்றனர். பேச்சு குன்றுகின்றது, குளியலும் உடையும் மறந்துபோகின்றன.

பிற நோய்களுக்கும் இந்நோய்க்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. காய்ச்சல் கண்டவன் தாயின் கையைத் தேடுவான். மனச்சிதைவு கண்டவனோ பல வேளைகளில் தனக்கு நோய் உண்டென்பதையே ஒப்புவதில்லை. உம்மா பிசைந்து கொடுக்கும் சோற்றில் நஞ்சு இருப்பதாக அவன் ஐயுறுகின்றான். தன்னைக் காப்பவர் மீதே அவனது அச்சம் பாய்கின்றது. அந்தத் தாய் மறுநாளும் சோறு பிசைந்தாக வேண்டும். இரவெல்லாம் அவன் நடக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்க வேண்டும். வாசற்கதவின் தாழ்ப்பாள் விலகும் ஓசைக்குத் துள்ளி எழ வேண்டும். மருந்துக்குக் கடன், விற்ற நகை, அக்கம்பக்கத்தாரிடம் சொல்லும் சாக்குப்போக்கு, தங்கையின் திருமணப் பேச்சு தடைப்படுமோ என்னும் கவலை ஆகிய எல்லாம் வரிசையாக வருகின்றன. இவை அனைத்துக்கும் மேலாகப் பெற்றோரின் நெஞ்சில் ஒரு கேள்வி அமர்ந்துகொள்கின்றது: எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?

இக்கேள்வி இன்று பிறந்ததன்று. இஸ்லாமியச் சட்டவியல் தொடக்க காலத்திலேயே இதை எதிர்கொண்டது. மூவர் மீது பொறுப்பெழுதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்றும், அம்மூவருள் ஒருவர் அறிவு திரும்பும்வரை சித்தங் கலங்கியவர் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை நாம் அறிவோம். இதனால் அவன் செயல் பாவமாகாது என்பது தெளிவாயிற்று. அவனைப் பேணும் கடமை யாருடையது? திருமறையின் நான்காம் அத்தியாயம் ஐந்தாம் வசனம், தம் செல்வத்தைத் தாமே நிருவகிக்க இயலாதோரின் பொருளைப் பிறர் பொறுப்பேற்றுக் காக்கவும், அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் அளிக்கவும் பணிக்கின்றது. அத்துடன் நில்லாமல், அவர்களிடம் கனிவாகப் பேசுமாறும் கட்டளையிடுகின்றது. உணவு, உடை, கனிந்த சொல் என்ற மூன்றையும் ஒரே வரிசையில் வைத்த நுட்பம் எண்ணுதற்குரியது. பிந்தைய சட்ட அறிஞர்கள் இதனைக் கொண்டே சித்தங் கலங்கியோருக்கு வலீ என்னும் காப்பாளர் முறையை வகுத்தனர். உறவினர் தாங்க வேண்டும். தாங்குவார் இல்லாதவிடத்துப் பைத்துல்மால் என்னும் பொதுநிதி தாங்க வேண்டும் என்றும் உரைத்தனர்.

சட்டம் சொன்னதற்கு வடிவம் தந்தவை பீமாரிஸ்தான் எனப் பெயர்பெற்ற மருத்துவமனைகள். எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன் ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம் தலைநகரில் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளர்க்கெனத் தனிப் பகுதி இருந்தது. அது குறித்து, பதினைந்தாம் நூற்றாண்டில் மறைந்த வரலாற்றாசிரியர் மக்ரீஸீ ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துள்ளார். இப்னு தூலூன் வெள்ளிக்கிழமைதோறும் அங்குச் சென்று நோயாளிகளை நேரிற் கண்டு வருவாராம். ஒருநாள் கட்டப்பட்டிருந்த மனநோயாளி ஒருவர் அவரிடம் ஒரு மாதுளம்பழம் கேட்டார். ஆட்சியாளரும் கொண்டுவரச் செய்து கொடுத்தார். பழத்தைக் கையில் வாங்கிய நோயாளி அதை அவர் மீதே வீசியெறிந்தார். சாறு தெறித்து அவருடைய ஆடை கறைபட்டது. அன்றோடு இப்னு தூலூன் அங்குச் செல்வதை நிறுத்திக்கொண்டார்.

இதை வேடிக்கைக் கதையாகப் படித்துவிட்டுப் போகலாம். ஆனால், மனநோயாளர் ஒருவரை வீட்டில் வைத்துப் பேணியவர் இக்கதையை அவ்வாறு படிக்க மாட்டார். நாட்டையே ஆண்டவர் ஒரு மாதுளம்பழத்தோடு விலகிக்கொள்ள முடிந்தது. அவரைக் குறைகூற வேண்டியதில்லை. மருத்துவமனையைக் கட்டி, அதற்கு நிதியும் வைத்துச் சென்ற பெருந்தகை அவர். எனினும் நாள்தோறும் தட்டும் சோறும் முகத்தில் வந்து விழுந்தாலும் விலக முடியாதவள் ஒருத்தி வீட்டில் இருக்கின்றாள். வரலாறு அவளை எழுதவில்லை.

பீமாரிஸ்தான்கள் பெருகின. டமாஸ்கஸில் நூருத்தீன் 1154ஆம் ஆண்டில் ஒன்றை நிறுவினார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284ஆம் ஆண்டில் (ஹிஜ்ரி 683) எழுப்பிய மன்சூரி மருத்துவமனை செல்வர், வறியர், ஆண், பெண் அனைவர்க்கும் திறந்திருந்தது. வக்ஃபுச் சொத்துகளின் வருவாய் அதைத் தாங்கியது. ஏதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488ஆம் ஆண்டில் முடித்த மருத்துவமனையில் இசைவாணர் வந்து நோயாளர்க்கு இசைத்ததைப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணியாகிய எவ்லியா செலெபி எழுதியுள்ளார். இவற்றை எண்ணி நாம் பெருமிதம் கொள்கின்றோம். பெருமிதத்துக்கு உரியவையே.

ஆயினும் பெருமிதம் உண்மையை மறைத்துவிடலாகாது. அந்த மருத்துவமனைகளிலும் சங்கிலி இருந்தது. மாதுளம்பழம் எறிந்தவரும் கட்டப்பட்டிருந்தவரே. வக்ஃபு வருவாய் சுருங்கிய பிற்காலத்தில் மன்சூரி மருத்துவமனை மனநோயாளர் மட்டுமே எஞ்சியிருந்த இடமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைக் கண்ட எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர், சிற்றறைகளில் கழுத்துச் சங்கிலியுடன் இருந்தவர்களை வருணித்துள்ளார். மேலும், இடைக்கால முஸ்லிம் உலகில் மனநோயாளரின் நிலையை ஆராய்ந்த மைக்கேல் டால்ஸ், 1992ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் ஒரு செய்தியை வலியுறுத்துகின்றார். மருத்துவமனைகள் எத்துணைச் சிறந்திருந்தும் அவை சிலருக்கே இடமளித்தன. பெரும்பாலோரைக் காலமெல்லாம் தாங்கியது குடும்பமே. ஆகவே நம் வரலாற்றின் பெரிய மருத்துவமனை, கல்லால் கட்டப்படாதது. அது வீட்டின் பின்கட்டு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலக் கம்பெனியின் மருத்துவரான வாலண்டைன் கானலி என்பார் 1794ஆம் ஆண்டில் சென்னையில் மனநோயாளர்க்கென ஒரு விடுதியைத் தொடங்கினார். 1871ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநோய் விடுதி திறக்கப்பட்டது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் நடுவரின் ஆணையைக் கொண்டு நோயாளியை உள்ளே சேர்க்கும் முறையை வகுத்தது. இவ்வமைப்பில் உயர்ந்த மதில்கள் இருந்தன, காவல் இருந்தது, குடும்பத்துக்கு இடம் இருக்கவில்லை. நோயாளியை ஒப்படைத்துவிட்டு உறவினர் திரும்பிச் செல்ல வேண்டும். இராமநாதபுரத்துக் கடற்கரையிலுள்ள ஒரு குடும்பத்துக்குக் கீழ்ப்பாக்கம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. மருத்துவரின் மொழியும் அவர்களுக்குப் புரியாது.

ஏர்வாடியோ அருகில் இருந்தது. அங்கே ஷஹீத் சுல்தான் செய்யிது இப்ராஹீம் பாதுஷா அவர்கள் அடங்கியுள்ள தர்காவுக்கு முஸ்லிம்களும் பிற சமயத்தாரும் பல தலைமுறைகளாக வந்துகொண்டிருக்கின்றனர். நேர்ச்சை வைத்துத் தங்குவோர், கனவில் உத்தரவு கிடைக்கும் வரை காத்திருப்பர். அங்கு ஆணையோ சான்றிதழோ கேட்பாரில்லை. முக்கியமாக, நோயாளியுடன் அவன் குடும்பமும் தங்கலாம். ஒருவனுக்குப் பித்து என்பதற்காக யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்; சுற்றி இருப்போர் எல்லாரும் அதே துன்பத்தைச் சுமந்து வந்தவர்கள். அந்தத் தாய்க்கு அதுவே முதல் ஆறுதல். இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லால் ஒதுக்குவோர், அவளுக்கு வேறெந்த வாசல் திறந்திருந்தது என்பதையும் உடன் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

காத்திருப்பு நாள்களாய் நின்றிருந்தால் தீங்கு நேர்ந்திராது. அது மாதங்களாயிற்று, ஆண்டுகளாயிற்று. ஊரில் வயல் காத்துக் கிடந்தது. மற்றப் பிள்ளைகள் பசித்திருந்தனர். தாய் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் தனியார் விடுதிகள் முளைத்தன. மாதந்தோறும் பணம் அனுப்பினால் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பார்த்துக்கொள்ளும் முறை சங்கிலியாக இருந்தது. மருத்துவர் இல்லை, மருந்து இல்லை. தீ வந்தபோது திறவுகோலும் இல்லை. விபத்தின் பின் ஒரு வாரத்துக்குள் அத்தகைய விடுதிகள் அனைத்தும் மூடப்பட்டன. ஐந்நூறுக்கு மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டனர். ஐந்நூறு நோயாளர் என்றால் ஐந்நூறு குடும்பங்கள். அவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர் என்று யார் துணிந்து கூறுவார்?

வேறு வழிகள் அக்காலத்தில் இருக்கவே இல்லையா? இருந்தன, நம் நாட்டிலேயே இருந்தன. பாரிஸ் நகரில் 1952ஆம் ஆண்டில் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது. குரல்களைத் தணிக்கும் மருந்து முதன்முதலாகக் கைக்கு எட்டியது. அதே பத்தாண்டில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் தலைவர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியின் குடும்பத்தாரையும் உடன் தங்கச் செய்தார். குடும்பத்தார் நோயைப் பற்றிக் கேட்டறிந்தனர். மருந்து கொடுக்கப் பழகினர். பிற குடும்பங்களோடு பேசினர். நோயாளர் விரைவில் வீடு திரும்பினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் உடன் தங்கும் முறையை மேற்கொண்டது.

இதே காலத்தில் மேலைநாடுகளில் நிலைமை வேறாக இருந்தது. பிள்ளையின் மனச்சிதைவுக்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்னும் கருத்து 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபிரீடா ஃபிரோம் ரைக்மன் எழுதிய கட்டுரையால் வலுப்பெற்றது. அக்கருத்து பின்னர்ப் பிழையெனத் தள்ளப்பட்டது. அதற்குள் எத்தனை தாய்மார்கள் தம்மையே நொந்து கண்ணீர் வடித்தார்களோ, அல்லாஹ்வே அறிவான். பின்னர் இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் முதலானோர் நடத்தி 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, கடுஞ்சொல்லும் ஓயாத குறைகூறலும் மிகுந்த வீட்டுக்குத் திரும்பிய நோயாளருக்கு நோய் மீண்டும் தலைதூக்குவது மிகுதி எனக் கண்டது. குடும்பத்தாருக்கு நோயை விளக்கி, அவர்கள் சுமையைக் குறைத்தால் நோயாளரும் நலமுறுவர் என்பதை அடுத்துவந்த ஆய்வுகள் காட்டின. கனிந்த சொல்லை உணவோடும் உடையோடும் சேர்த்துச் சொன்ன திருவசனத்தை இங்கே நினைவுகூர்தல் பொருத்தமானது. ஆனால் மூன்று இரவுகள் உறங்காத நாவிலிருந்து கனிந்த சொல் எளிதில் வருமா? அவளை உறங்க வைப்பதும் அவள் மகனுக்குச் செய்யும் மருத்துவமே.

தமிழகத்தில் இதனை உணர்ந்து உழைத்தவர் மருத்துவர் சாரதா மேனன். கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை தலைமையேற்ற அவர், 1984ஆம் ஆண்டில் சென்னையில் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, நோயாளரின் மறுவாழ்வுக்கும் குடும்பத்தாரின் துணைக்கும் வழிவகுத்தார். 2021ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். வழி இருந்தது, அஃது ஏர்வாடிக் கொட்டகை வரை வந்து சேரவில்லை என்பதே நம் துயரம்.

தீ விபத்துக்குப் பிறகே அது வந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தில் மனநலத் திட்டம் உருப்பெற்றது. பின்னர் தர்காவுக்கு வருவோர் பிரார்த்தனையை விடாமலேயே மருத்துவரையும் காண, தவாவும் துஆவும் என்னும் ஏற்பாடு அமைந்தது. குஜராத்தில் உனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில் முன்னரே நடந்த முயற்சி இதற்கு முன்மாதிரி. மருந்தும் வேண்டுதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. நோயைத் தந்தவன் அதற்குரிய மருந்தையும் தந்துள்ளான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று போதித்த நபியின் சமுதாயம் நாம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்தது. இது நன்று. ஆனால் சங்கிலியைச் சட்டம் எடுத்துவிட்டது. சங்கிலி இருந்த இடத்தில் எதை வைத்தோம்? பெற்றோரின் காலத்துக்குப் பின் பிள்ளைகளைக் காப்பதற்கென்றே 1999ஆம் ஆண்டில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அறிவு வளர்ச்சிக் குறை, தன்முடக்கம், பெருமூளை வாதம், பன்முகக் குறைபாடு ஆகிய நான்கையும் அது தழுவியது. மனச்சிதைவு அந்நான்கனுள் இடம்பெறவில்லை. ஆகவே, எங்களுக்குப் பின் யார் என்ற அப்பழைய கேள்வி அத்தாயின் மடியிலேயே இன்னும் கிடக்கின்றது.

நம் இல்லங்களில் நடக்கும் ஒன்றையும் மறையாமல் கூற வேண்டும். கலியாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நோயை மறைத்து மணம் முடிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பெற்றோர் சுமக்க முடியாத பாரத்தை, ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் தலையில் இறக்கி வைக்கும் செயல் இது. நம் கடற்கரை ஊர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ சட்டமரபு, துணைவரிடம் சித்தக்கலக்கம் வெளிப்பட்டால் மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமையை மற்றவருக்கு அளிக்கின்றது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும், கணவன் ஈராண்டுகள் சித்தங் கலங்கியிருப்பின் மனைவி விடுதலை கோரலாம் என்கின்றது. சட்டம் தரும் விடுதலை கண்ணீருக்குப் பின் வருவது. உண்மையை முன்னரே கூறிச் செய்யும் நிக்காஹ் இருபாலார்க்கும் நியாயமானது. நோய் தணிந்து, மருந்தோடு நல்ல இல்லறம் நடத்துவோரும் உண்டு. அவர்களுக்கு மறைப்பு எதற்கு?

நம் முன்னோர் கல்லால் கட்டியதை நாமும் கட்டிவிடுவோம் என்று மேடையில் முழங்குவது எளிது. அதற்கு முன் செய்யத்தக்கவை பல உள. ஒவ்வொரு மஹல்லாவிலும் இத்தகைய வீடுகள் எவையென ஜமாஅத்தார் அறிவர். ஸகாத் நிதியிலிருந்து தகுதியுடையோருக்கு மாத மருந்துக்கு வழி செய்யலாம். நோயாளியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாளில் இரண்டு இளைஞர்கள் உடன் செல்லலாம். வாரத்தில் ஓர் இரவு உறவினர் ஒருவர் வந்து அமர்ந்து, அந்தத் தாயை உறங்கச் சொல்லலாம். பெற்றோர் இருக்கும்போதே, அவர்களுக்குப் பின் காப்பாளராக நிற்பவர் யாரென உறவும் ஜமாஅத்தும் கூடி முடிவு செய்து எழுதி வைக்கலாம். வக்ஃபு நிலங்களின் வருவாயில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்குவது, கலாவூனின் மரபைப் புகழ்வதைக் காட்டிலும் அம்மரபுக்குச் செய்யும் பெரிய மரியாதையாகும்.

நோயுற்றவனை நலம் விசாரிக்கச் செல்வது நம் மார்க்கத்தில் கடமையெனப் போற்றப்படுகின்றது. கால் முறிந்தவன் வீட்டுக்குப் பழக்கூடையுடன் போகின்றோம். மனம் முறிந்தவன் வீட்டு வாசலைக் கடக்கும்போது மட்டும் நம் நடை விரைவது ஏன்? இன்று அஸருக்குப் பின் அந்த வாசலில் ஒருமுறை நின்று ஸலாம் சொல்லுங்கள். உள்ளே ஒருத்தி பல ஆண்டுகளாக யாரேனும் வருவார்கள் என்று காத்திருக்கக்கூடும். நம் கையில் மாதுளம்பழமும் இருக்கட்டும். அது நம் சட்டையில் வந்து விழுந்தாலும் அடுத்த வாரமும் செல்லும் பொறுமையை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.